நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட ரயில்: ஒரு கடற்கரை நிலையத்தின் ஏற்றமும் இறக்கமும்

1861ஆம் ஆண்டு நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அப்போது கும்பகோணத்துக்கு ரயில் கிடையாது. மாயவரத்துக்குக் கிடையாது. மதுரையும் தூத்துக்குடியும் இன்னும் பத்துப் பதினைந்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னை எழும்பூரில் இன்று நாம் பார்க்கும் நிலையக் கட்டடம் 1908இல்தான் திறக்கப்பட்டது. காவிரிப் படுகை முழுவதற்கும் முதல் நிலையமாக இருந்த ஊர் நாகை. ரயில் கம்பெனியின் அலுவலகம் இருந்ததும் பட்டறை இருந்ததும் நாகையில்தான்.

இன்று அதே நாகை, திருவாரூரில் பிரிகிற ஒரு கிளைப்பாதையின் நிலையம். பெரிய பட்டறை எதுவும் இல்லை. பெரிய வண்டிகள் எண்ணிச் சொல்லும் அளவுக்குத்தான் வருகின்றன.

இடையில் என்ன நடந்தது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில் வரும்: கப்பல் நின்றது, அதோடு எல்லாம் போயிற்று. நான் அப்படி நினைக்கவில்லை. ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் நாகையின் இறக்கம் கப்பல் நிற்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கிவிட்டது தெரிகிறது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். பக்கத்துக் கடற்கரை ஊர்களான காரைக்கால், தரங்கம்பாடி, வேதாரண்யம் மூன்றும் கூடவே வரும், ஏனென்றால் அவற்றோடு ஒப்பிட்டால்தான் நாகைக்கு நேர்ந்தது சரியாகப் புரியும்.

ஏன் கடலோரத்தில் தொடங்கினார்கள்

பாதையைப் போட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி. லண்டனில் பங்கு திரட்டிய கம்பெனி அது. போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டியை அரசு உறுதி செய்திருந்தது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் பங்குதாரருக்கு வட்டி உண்டு. வராத பாக்கி இந்த நாட்டு வரிப்பணத்திலிருந்து போகும். அந்தக் காலத்து ரயில் கம்பெனிகள் பலவும் இந்த ஏற்பாட்டில்தான் வந்தன.

தஞ்சாவூர் ஜில்லாவில் ரயில் வேண்டுமா என்பதே அன்று ஒரு விவாதம். 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பிலும் அணைக்கரையிலும் அணை கட்டிப் படுகையின் பாசனத்தை நிலைப்படுத்திய ஆர்தர் காட்டன், ரயிலைவிடக் கால்வாய்தான் இந்த நாட்டுக்கு ஏற்றது என்று கடைசிவரை வாதாடினார். படகில் சரக்கு ஏற்றினால் செலவு குறைவு, அதே தண்ணீர் வயலுக்கும் பாயும் என்பது அவர் கணக்கு. அந்த வாதம் தோற்றது. ஆனால் அவருடைய அணைகளால் பெருகிய நெல்தான் பிறகு அந்த ரயிலில் ஏறியது.

நாகையில் தொடங்கியதற்கு நேரான காரணங்கள் இருந்தன. தண்டவாளம், எஞ்சின், சக்கரம் எல்லாம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டியவை. இறக்கிய இடத்திலிருந்தே பாதை போட்டுக்கொண்டு போனால், போட்டு முடித்த பாதையிலேயே மிச்சச் சாமானை ஏற்றிப் போகலாம். நிலம் தட்டையாக இருந்ததால் மலை குடைய வேண்டியதில்லை. ஆனால் ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் குறைவில்லை, பாலமும் மதகுமாகக் கட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. சிக்கல், கீழ்வேளூர், திருவாரூர், குளிக்கரை, கொரடாச்சேரி, நீடாமங்கலம், அம்மாப்பேட்டை, சாலியமங்கலம் என்று இன்றும் நாம் சொல்லும் வரிசை அந்தப் பாதையுடையது. 1862இல் அது திருச்சிராப்பள்ளியைத் தொட்டது. மொத்தம் சுமார் 125 கிலோமீட்டர், 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை.

தொடக்க காலத்தில் எஞ்சின் தின்றது பெரும்பாலும் விறகு. தென்னாட்டில் அன்று நிலக்கரி கிடைக்காது, கப்பலில் வரவழைத்தால் விலை அதிகம். ரயில் விறகுக்காகவே சோழமண்டலக் கரையோரம் மணல்மேடுகளில் சவுக்கு நடுவதை அரசு ஊக்குவித்தது. இன்று கடலோரம் நெடுகத் தெரியும் சவுக்குத் தோப்புக்கு இப்படி ஒரு பூர்வீகம் உண்டு. புயலுக்கு வேலியாகவும் பந்தல் காலாகவும் நாம் பார்க்கிற மரம், முதலில் பாய்லர் அடுப்புக்காகப் பரவியது. பிறகு வங்காளத்துக் கரியும் சிங்கரேணிக் கரியும் வந்தன.

துறைமுகமும் நிலையமும் சேர்ந்து வேலை செய்த விதம்

நாகையில் கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. ஆழம் போதாது. கப்பல் வெளிக்கடலில் நங்கூரமிடும். கடுவையாற்று முகத்திலிருந்து படகுகள் ஆளையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்க்கும். அதாவது ரயிலுக்கும் கப்பலுக்கும் நடுவில் கரையில் ஒரு பெரிய உழைப்பு இருந்தது. கூட்ஸ் ஷெட்டிலிருந்து மூட்டை தூக்குகிறவர், சுங்கக் குமாஸ்தா, படகோட்டி, தண்டு வலிக்கிறவர், கணக்குப்பிள்ளை என்று ஒரு வண்டிச் சரக்கு கப்பலேற எத்தனையோ கை மாற வேண்டும். துறைமுகத்தின் இந்தக் குறையே ஊருக்குக் கூலியாக இருந்தது.

என்னை மிகவும் கவர்ந்தது காலக்கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடு கடல் கொந்தளிக்கும். படகு இறங்காது. அந்த நேரத்தில் வயலில் சம்பா நின்றுகொண்டிருக்கும், ஏற்றுவதற்கு நெல்லும் அதிகம் இருக்காது. தை பிறந்து அறுவடை முடிந்து களத்தில் நெல் குவியும்போது கடல் அடங்கியிருக்கும். சித்திரை வரை படகுக்கும் வண்டிக்கும் ஓய்வில்லாத வேலை. பயிரின் காலமும் கடலின் காலமும் இப்படிப் பொருந்தியிருந்ததால்தான் நெல்லும் அரிசியும் இலங்கைக்கு இந்த வழியில் எளிதாகப் போயின. துணி, புகையிலை, சுருட்டு, ஆடு மாடு எல்லாம் போயின. எதிர்ப்பக்கமிருந்து கொட்டைப்பாக்கும் மரமும் வந்தன. நாகூர் மரக்காயர்களின் கடல் வணிகம் ரயிலுக்கு வெகுகாலம் மூத்தது. ரயில் அதற்கு உள்நாட்டுச் சந்தையைத் திறந்துவிட்டது.

சரக்கோடு ஆட்களும் போனார்கள். மலேயா தோட்டங்களுக்குக் கங்காணி திரட்டிய கூட்டம் திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ரயிலேறி நாகைக்கு வந்தது. 1907க்குப் பிறகு மலேயாவில் தோட்ட முதலாளிகள் கட்டிய குடியேற்ற நிதியிலிருந்து ரயில் கட்டணமும் கப்பல் கட்டணமும் கொடுக்கப்பட்டன. முகாமில் தங்கவைத்து, அதிகாரிகளும் மருத்துவரும் பார்த்து, பிறகு படகில் ஏற்றுவார்கள். பினாங்கு சேர்ந்ததும் ஜெரஜாக் தீவில் தொற்று நோய்க்கான தனிமைவாசம். 1938இல் இந்திய அரசு இந்த உதவிக் குடியேற்றத்தை நிறுத்தியது. அதுவரை, சொந்த மண்ணில் எத்தனையோ குடும்பங்கள் கடைசியாக மிதித்த பிளாட்பாரம் நாகையுடையது. மலேசியாவிலிருந்து வேரைத் தேடி வரும் பேரப்பிள்ளைகள் கிராமத்தின் பெயரை மறந்திருந்தாலும் நாகப்பட்டினத்தின் பெயரை மறக்காமல் வருகிறார்கள். தமிழர் வரலாற்றில் இந்த நிலையத்துக்கு உள்ள இடம் இதுதான் என்பேன். அதைச் சொல்லும் ஒரு கல்வெட்டாவது அங்கே இருக்க வேண்டும்.

பாதை திரும்பியது

1860களின் இறுதிக்குள் திருச்சியிலிருந்து கரூர் வழியாக ஈரோட்டுக்குப் பாதை போய், மெட்ராஸ் ரயில்வேயோடு சேர்ந்தது. கொஞ்ச காலத்துக்கு, தஞ்சாவூர்க்காரர் சென்னைக்கு முழுக்க ரயிலிலேயே போக வேண்டுமென்றால் ஈரோடு சுற்றித்தான் போக வேண்டும். அந்த வலையில் கடல் பக்க முனை நாகை. அதுவரை அதன் இடத்துக்கு ஆபத்தில்லை.

1870களில் மூன்று காரியங்கள் அடுத்தடுத்து நடந்தன. செலவைக் குறைக்க, தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம் மட்டும் விடும் மீட்டர் கேஜ் என்ற அரசுக் கொள்கை வந்தது. கிரேட் சதர்ன் கம்பெனியும் கர்நாடிக் கம்பெனியும் இணைந்து தென்னிந்திய ரயில்வே உருவானது. 1875வாக்கில் நாகைப் பாதையின் அகலத்தைக் குறைத்து மீட்டர் கேஜாக மாற்றினார்கள். அதே வருடம் திருச்சியிலிருந்து மதுரைக்கும், 1876இல் தூத்துக்குடிக்கும் ரயில் போனது. 1880க்குள் சென்னையிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம், மாயவரம், கும்பகோணம் வழியாகத் தஞ்சாவூருக்கு நேர்பாதை வந்துவிட்டது. மெயின் லைன் என்று இன்றும் சொல்கிறோமே, அது.

மெயின் லைன் மாயவரத்திலிருந்து மேற்கே கும்பகோணத்துக்குத் திரும்புகிறது. நாகை அதில் இல்லை. முதலில் பிறந்த பாதை, பின்னால் பிறந்த பாதைக்குக் கிளையானது. தூத்துக்குடிக்கு ரயில் போனதும் கொழும்புப் பயணிகள் அந்தப் பக்கம் போனார்கள். 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி வரை ரயிலும் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் வந்தபோது, இலங்கைப் போக்குவரத்தில் நாகையின் பங்கு மேலும் சுருங்கியது. சென்னையிலிருந்து புறப்படும் போட் மெயில் மாயவரத்திலும் தஞ்சாவூரிலும் நின்று போகும். நாகைக்கும் அதற்கும் தொடர்பில்லை. துறைமுகத்துக்குக் கப்பல் வந்துகொண்டிருந்த காலத்திலேயே ரயில் நாகையை ஒதுக்கத் தொடங்கிவிட்டது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

படுகைக்குள் வேறு சந்திப்புகளும் முளைத்தன. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, நிலவரியோடு ஒரு சிறு தீர்வை வசூலித்துச் சேர்த்த பணத்தில் தனக்கென ஒரு ரயில் பாதை போட்டது. உள்ளாட்சி அமைப்பு ஒன்று சொந்தப் பணத்தில் ரயில் போட்டது இந்தியாவிலேயே அதுதான் முதல் முறை. மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டை வரை 1894இல் திறந்து, பிறகு பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று நீண்டது. நம் மிராசுதாரர்களும் குடியானவர்களும் கொடுத்த பணம் அது. கம்பெனிப் பாதைக்குக் கிடைத்த வட்டி உத்தரவாதம் இதற்குக் கிடையாது. இதன் பெருமையை நம் பள்ளிப் பாடங்கள் சொல்லாதது எனக்குப் பெரிய வருத்தம். ஆனால் நாகைக்கு இது வேறு விதமாக விளைந்தது. இரண்டு பாதையும் குறுக்கிடும் திருவாரூர் சந்திப்பாயிற்று. நாகை அதன் கிழக்குக் கிளையின் ஊராயிற்று.

ஊரே அந்தப் பாதையில் ஏறிப் போனது

கம்பெனியின் தலைமையகம் நாகையிலிருந்து திருச்சிக்குப் போனது. ஈரோடு, மதுரை, சென்னை மூன்று பக்கமும் பாதை பிரியும் ஊரில் நிர்வாகம் இருப்பதே வசதி, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ரயில் அலுவலகம் மட்டும் போகவில்லை. 1844இல் நாகையில் ஏசு சபையார் தொடங்கிய செயின்ட் ஜோசப் கல்லூரி 1883இல் திருச்சிக்கு இடம் மாறியது. இன்று தெப்பக்குளத்தருகே இருக்கிற அதே கல்லூரிதான். கடலிலிருந்து உள்நாட்டை எட்டுவதற்காகப் போட்ட பாதை, கடற்கரை ஊரின் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் திருச்சிக்குப் போகும் வழியாகிவிட்டது. இந்த ஆய்வில் நான் சொல்ல வந்த செய்தி இது ஒன்றுதான். மற்ற ஊர்களுக்கு ரயில் வந்து ஆளும் தொழிலும் சேர்த்தது. நாகைக்கு ரயில் முதலில் வந்தது, பிறகு அதே ரயில் ஊரின் பலத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

கடைசியாகப் போனது பட்டறை. மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு அதுதான்.

ஒரு ரயில்வே பட்டறை என்றால் என்ன என்பதை அதன் தொழில்களைச் சொன்னால்தான் விளங்கும். பாய்லரைப் பிரித்துக் குழாய் மாற்றுகிறவர், பிட்டர், டர்னர், வார்ப்பு வேலைக்காரர், உலைக்களக் கொல்லர், பெட்டிக்கு மரவேலை செய்யும் தச்சர், பெயிண்டர், இவர்களுக்கெல்லாம் எடுபிடி வேலை செய்யும் கூலிகள். காலையில் சங்கு ஊதும்போது ஊருக்கு மணி தெரியும். மாதம் பிறந்தால் சம்பளம் வரும். மழை பொய்த்தாலும் கடல் கொந்தளித்தாலும் அந்தச் சம்பளம் நிற்காது. நெல்லும் கப்பலும் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும் வரும்படி. பட்டறைச் சம்பளம் மட்டுமே நாகையில் வருடம் முழுவதும் ஒரே மாதிரி வந்தது. அதை நம்பித்தான் மளிகைக்கடைக்காரர் கடன் கொடுத்தார், வீட்டுக்காரர் வாடகைக்கு விட்டார், தகப்பன் மகனைப் பள்ளிக்கு அனுப்பினார்.

1920களின் நடுவில் தென்னிந்திய ரயில்வே, நாகை, போத்தனூர் முதலிய ஊர்களில் இருந்த பட்டறைகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க முடிவு செய்தது. திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலையில் புதுப் பட்டறை எழுந்தது. 1928இல் வேலை அங்கே போனது. புது எந்திரங்கள் வந்தால் ஆள் குறைவாகப் போதும், ஆகவே ஆட்குறைப்பு என்றது கம்பெனி. நாகைத் தொழிலாளிக்கு இருந்தது இரண்டே வழி. வீடு வாசலை விட்டுப் பொன்மலைக்குப் போக வேண்டும், அல்லது வேலை போகும். போனாலும் வேலை நிச்சயமில்லை.

1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே முழுவதும் வேலைநிறுத்தம் வெடித்தது. பட்டறைத் தொழிலாளரின் போராட்டம் பாதை முழுவதும் பரவி, ஏறத்தாழ பத்து நாள் வண்டிகள் தடுமாறின. தொழிற்சங்கத் தலைவர்களான சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னின்றார்கள். 1860இல் பிறந்த சிங்காரவேலருக்கு அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. தலைவர்களைக் கைது செய்து சதி வழக்குப் போட்டார்கள். நீண்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. வேலைநிறுத்தம் தோற்றது. பட்டறை போனது போனதுதான்.

இதை நான் சாதாரணத் தொழில் தகராறாகப் பார்க்கவில்லை. ஒரு ஊர் தன் பிழைப்பைப் பறிகொடுக்காமலிருக்க எடுத்த கடைசி முயற்சி அது. கம்பெனியின் கணக்கில் பொன்மலை சரியான முடிவாக இருந்திருக்கலாம். கப்பலில் வரும் சாமானுக்காகக் கடலோரத்தில் பட்டறை வைத்த தேவை 1860இல் இருந்தது, 1928இல் இல்லை. பாதைகளின் நடுவில் பட்டறை இருந்தால் எஞ்சினை நெடுந்தூரம் இழுத்து வர வேண்டியதில்லை. கடலோரத்தில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும், கிணற்று நீரில் உப்புக் கலந்தால் பாய்லருக்குள் படிவு கட்டும், அதுவும் உண்மை. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், ஒரு ஊரின் சம்பளம் முழுவதையும் எடுத்துப்போகும் முடிவில் அந்த ஊருக்கு ஒரு வார்த்தை சொல்லும் உரிமைகூட இல்லாதிருந்தது அநியாயம்.

கரி எஞ்சின் காலத்தின் கடைசிப் பகுதி

பட்டறை போன பிறகும் நாகைக்கு ரயில் வந்தது, கப்பலும் வந்தது. 1926இல் கட்டிய எஸ்.எஸ். ரஜூலா 1970களின் தொடக்கம் வரை சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. கப்பல் வரும் நாளில் நிலையத்தில் டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளும் குவியும். ரஜூலாவுக்குப் பின் எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டதோடு அந்தப் பயணிக் கப்பல் போக்குவரத்து முடிந்தது.

கணக்குப் பாருங்கள். 1928க்கும் 1985க்கும் நடுவில் 57 வருடம். அவ்வளவு காலம் கப்பல் வந்துகொண்டிருந்தும் நாகை மீண்டு எழவில்லை. கப்பல் நின்றதால்தான் ஊர் நின்றது என்றால் இந்த 57 வருடத்துக்கு விளக்கம் கிடைக்காது.

இந்தக் காலத்து நிலையத்தைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பின் வந்த ஒய்.பி. எஞ்சின் பயணி வண்டிக்கு, ஒய்.ஜி. கூட்ஸுக்கு. பாரம் தாங்காத கிளைப்பாதைகளுக்கென்றே எடை குறைந்த ஒய்.எல். இருந்தது. கடைசி நிலையத்தில் எஞ்சினுக்கு வேலை அதிகம். பெட்டியிலிருந்து கழற்றி, சாம்பல் குழிமேல் நிறுத்தி அடுப்பைக் கிளறிச் சாம்பலைத் தள்ளி, கரி ஏற்றி, தண்ணீர் பிடித்து, டர்ன்டேபிளில் முகம் திருப்பி, மறுமுனையில் கொண்டுவந்து பூட்ட வேண்டும். பயர்மேன் கரி அள்ளிப் போட்டே டிரைவராக உயர்வார். ஒற்றைப் பாதையில் எதிர்வண்டி மோதாமலிருக்க ஒவ்வொரு நிலையத்திலும் டோக்கன் வாங்கிக் கொடுக்க வேண்டும். வண்டி நிற்காத நிலையத்தில் பிரம்பு வளையத்தில் மாட்டிய டோக்கனை ஓடும் எஞ்சினிலிருந்தே கைநீட்டி எடுப்பார்கள். கைகாட்டி இறங்கினால்தான் வண்டி உள்ளே வரும். நாகூர் தர்காவின் கந்தூரி விழாவுக்கு நாகூர் வரை சிறப்பு வண்டிகள் விடுவார்கள். வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு வருகிறவர்கள் நாகையில் இறங்கி மிச்சத் தூரத்துக்குப் பேருந்தும் மாட்டுவண்டியும் பிடித்தார்கள், பலர் நடந்தே போனார்கள்.

பக்கத்து ஊர்கள்

தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரரிடம் இருந்தது. ஆங்கிலேயர் விலைக்கு வாங்கிய பிறகு சில காலம் தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் அலுவலகமே அங்கே இருந்தது. 1861இல் ரயில் நாகைக்குப் போனது தரங்கம்பாடி வணிகத்துக்கு விழுந்த பெரிய அடி. 1926இல்தான் மாயவரத்திலிருந்து செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாக அங்கே ரயில் வந்தது. அதற்குள் துறைமுகத்தில் ஏற்ற எதுவும் மிச்சமில்லை. பள்ளிப் பிள்ளைகளும் திருக்கடையூருக்கு அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வருகிறவர்களும் ஏறிய வண்டி அது. பேருந்து வந்ததும் கூட்டம் குறைந்து, 1986இல் பாதையை மூடினார்கள். அறுபது வருடம் ஓடியது. திரும்ப வேண்டும் என்று மயிலாடுதுறை வட்டாரத்து மக்கள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

காரைக்கால் பிரெஞ்சுப் பகுதி. 1898இல் பேரளத்திலிருந்து அம்பகரத்தூர், திருநள்ளாறு வழியாக அங்கே பாதை போட்டார்கள். பிரெஞ்சு மண்ணில் ஓடிய அந்த வண்டியை இயக்கியது ஆங்கிலேயரின் தென்னிந்திய ரயில்வே. 1980களின் பின்பகுதியில் அதுவும் மூடப்பட்டது. தண்டவாளத்தைக்கூடப் பெயர்த்தெடுத்தார்கள். சனிப்பெயர்ச்சிக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வரும் திருநள்ளாற்றுக்கு ரயிலே இல்லாமல் பல வருடம் கழிந்தது. அந்தப் பாதையை மறுபடி அகலப் பாதையாகப் போடும் வேலை அண்மையில்தான் நடந்தது.

வேதாரண்யம் உப்பு ஊர். திருத்துறைப்பூண்டியிலிருந்து 1919இல் ரயில் வந்து, 1936இல் கோடியக்கரை வரை நீண்டது. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்தே வந்து அகஸ்தியம்பள்ளியில் உப்பெடுத்தபோது பக்கத்திலேயே ரயில் இருந்தது. ஊர் ஊராக மக்களைச் சந்திப்பதே நோக்கமாக இருந்ததால் நடந்தார்கள். பிறகு அந்தப் பாதையும் நின்றுபோய், 2023 ஏப்ரலில் திருத்துறைப்பூண்டி – அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் அகலப் பாதையாகத் திரும்ப வந்தது.

இந்த மூன்று ஊர்களும் ரயிலை இழந்தன. நாகை ஒரு நாளும் நிரந்தரமாக இழக்கவில்லை. பார்த்தால் நாகை அதிர்ஷ்டசாலி போலத் தெரியும். ஆனால் மற்ற மூன்றும் இழந்தது போக்குவரத்தை மட்டும்தான். தண்டவாளம் திரும்ப வந்தால் அவை இழந்தது பெரும்பாலும் திரும்பக் கிடைத்துவிடும். நாகை இழந்த தொழிலை எந்தத் தண்டவாளமும் திருப்பிக் கொண்டுவரவில்லை.

இப்போது

1861இல் அகலமாகப் பிறந்து 1875இல் குறுகிய பாதை, 2010க்குள் மறுபடி அகலமானது. 2010 இறுதியில் வேளாங்கண்ணிக்கு ரயில் வந்தது. நூறு வருடத்துக்கு முன் நாகூருக்குப் போட்டபோதே தெற்கே இன்னும் பத்துக் கிலோமீட்டர் போட்டிருந்தால் எத்தனை தலைமுறை யாத்ரீகர்கள் வெயிலில் நடக்காமல் இருந்திருப்பார்கள். 2011இல் நாகூரிலிருந்து காரைக்காலுக்குப் பாதை வந்தது. காரைக்கால் தனியார் துறைமுகத்தில் இறங்கும் நிலக்கரி அந்த வழியாகச் சரக்கு வண்டியில் நாகையைக் கடந்து திருவாரூர் பக்கம் போகிறது. எஞ்சினுக்கு அந்தக் கரி தேவையில்லை, அனல்மின் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் போகிறது. வண்டி நாகையில் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். ஊருக்கு அதில் கூலி இல்லை. 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குப் பயணிக் கப்பல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. கப்பல் வந்தாலே பழைய நாகை வந்துவிடும் என்று அப்போது பலர் எழுதினார்கள். மேலே சொன்ன 57 வருடத்தை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வேளாங்கண்ணியிலிருந்து திருக்குவளை வழியாகத் திருத்துறைப்பூண்டிக்குப் புதுப் பாதை போடும் திட்டம் நெடுநாளாக நடந்துவருகிறது. அது முடிந்தால் காரைக்கால், நாகூர், நாகை, வேளாங்கண்ணி, திருத்துறைப்பூண்டி, அகஸ்தியம்பள்ளி என்று கரையை ஒட்டி ஒரே தொடர் உண்டாகும். எல்லாப் பாதையும் மேற்கே திருச்சியைப் பார்த்தே போன இந்தக் கரைக்கு, வடக்கும் தெற்குமாகத் தனக்கென்று ஒரு பாதை கிடைப்பது அதுவே முதல் தடவையாக இருக்கும். அந்தத் தொடரில் ஓடும் வண்டிகளை ஓரிடத்தில் கழுவ வேண்டும், சோதிக்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும். அந்த இடம் நாகையாக இருக்க வேண்டும் என்று நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் இப்போதே எழுதிக் கேட்க வேண்டும். இன்னொரு எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும் என்ற மனுவை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.